அவன் பெயரில் வரப்போகும் பணம்

2024 ஜூலை 15, திங்கள். சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மூத்த மாணவர் வகுப்பிலிருந்து பொம்மைப் பணப் பெட்டியை இன்று அகற்றிவிட்டேன். மீசை அரும்பிவிட்ட, 17 வயதான, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள மாணவன் ஒருவன் பிளாஸ்டிக் நாணயங்களை என் பக்கம் தள்ளிவிட்டு, "இது பாப்பாவுக்கு" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. நாளை முதல் உண்மையான ராண்ட் நோட்டுகள்தாம்.

ஜூலை 23, செவ்வாய்

எண்கள் அவன் நினைவில் நிற்பதில்லை, விலங்குகள் நிற்கின்றன. நோட்டின் பின்புறத்தில் 10 ராண்டுக்குக் காண்டாமிருகம், 20க்கு யானை, 50க்குச் சிங்கம், 100க்கு எருமை, 200க்குச் சிறுத்தை என்று இருப்பதால், ஒரே வாரத்தில் ஐந்தையும் பிழையின்றிச் சொன்னான். நோட்டைத் திருப்பிக் காட்டியதும் திகைத்துவிட்டான். 2012 முதல் முன்புறம் எல்லாவற்றிலும் மண்டேலாவின் முகமே இருக்கிறது. இதை நான் முன்பே எண்ணியிருக்க வேண்டும். இனி நிறத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

ஜூலை 29, திங்கள்

சிவப்பு, நீலம், ஆரஞ்சு உறுதியாகிவிட்டன. பச்சைப் பத்தும் பழுப்பு இருபதும் மட்டும் குழம்புகின்றன. கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அவனுடைய ஆயா (பாட்டி) வந்திருந்தார். "இவன் கையில காசு கொடுத்தா ஊரே ஏமாத்திடும், டீச்சர்" என்று கண்கலங்கினார். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால், மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிப்பவர் என்ற முறையில் ஆயா பெற்றுவரும் அரசு உதவித்தொகை நவம்பரில் அவனுக்கு 18 வயது நிறைந்ததும் நின்றுவிடும். அதன்பின் வேறு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, அது கிடைத்தால், அவன் பெயரிலேயே வரும். தன் பெயரில் வரும் பணத்தைத் தானே அறியாதவனாக அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "ஆயா, நாளைக்குச் சந்தைக்கு நீங்களும் வாங்க" என்று அழைத்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பச்சைக்கும் பழுப்புக்கும் வழி கிடைத்துவிட்டது. 20 ராண்ட் நோட்டு 10 ராண்ட் நோட்டைவிட 6 மில்லிமீட்டர் நீளம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் விளிம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். காலையில் அதை அரைமணி நேரம் பழகிவிட்டு, இங்கே சாட்ஸ்வொர்த்திலேயே உள்ள பங்களாதேஷ் சந்தைக்குப் போனோம். கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் 20 ராண்டுக்கு வாங்கிக்கொண்டு சிங்க நோட்டை நீட்டினான். மீதியாக இரண்டு நோட்டுகள் வந்தன. பின்னால் ஆட்கள் காத்திருந்தும் அவசரப்படாமல், கடைப்பலகையின்மேல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தான். ஆயா தம் கையை நீட்டப் போய், மடக்கிக்கொண்டார். "பத்து, இருபது" என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்தான்.