பரோட்டா ஒ தபெதெ, ஜிகர்தண்டா ஒ நொந்தெ

ஜப்பானிய வினைச்சொல்லை தயவுசெய்து இங்கிலீஷ் வழியாகப் படிக்காதீர்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் நான் எடுக்கிற வகுப்புக்கு, நர்சிங் முடித்துவிட்டு ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். எல்லார் போனிலும் ஒரே பிடிஎஃப் இருக்கும். அதில் 'பிரசன்ட் கன்டினியூவஸ்', 'ஜெரண்ட்' என்று கட்டம் கட்டமாக அட்டவணை. முதல் நாளே அதை மூடச் சொல்லிவிடுவேன்.

சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். 'ககு' என்று நான் எழுதினால் இரண்டு ககரத்தையும் வல்லினமாகவே அழுத்திச் சொல்லுங்கள். 'மஸ்' என்பது உண்மையில் 'மஸு'. கடைசி உகரம் காதில் விழாது.

சரி, நல்ல செய்தி முதலில். சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய், சாப்பிடுகிறார், சாப்பிடுகிறது என்று ஆளுக்கொரு விகுதி ஜப்பானியத்தில் கிடையாது. யார் சாப்பிட்டாலும் தபெமஸ். நாளைக்குச் சாப்பிடப் போவதும் தபெமஸ்தான், எதிர்காலத்துக்கென்று தனி வடிவம் இல்லை. சாப்பிடவில்லை என்றால் தபெமஸென், சாப்பிட்டாயிற்று என்றால் தபெமஷித, அன்றைக்குச் சாப்பிடவில்லை என்றால் தபெமஸென் தெஷித. மரியாதைப் பேச்சுக்கு இந்த நான்கு போதும். "ஆள் யாருன்னு எப்படிக்கா தெரியும்?" என்று யாராவது கேட்பார்கள். நான் சாப்பிடலை, நீ சாப்பிடலை, அவர் சாப்பிடலை. இங்கே 'சாப்பிடலை' மட்டும் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கிறோமே, அப்படித்தான்.

அடுத்தது வகை பிரிப்பது. ஒழுங்கில்லாத வினைகள் என்று பாடப்புத்தகங்கள் தனியாகப் பிரித்துவைப்பது இரண்டே இரண்டு: ஸுரு (செய்), குரு (வா). அவை ஷிமஸ், கிமஸ் ஆகும். மற்ற வினைகள் இரண்டு கட்சி. தபெரு (சாப்பிடு) மாதிரி ஆட்களிடம் 'ரு'வை வெட்டிவிட்டு வேண்டியதை ஒட்டினால் முடிந்தது. நொமு (குடி) மாதிரி ஆட்கள்தான் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் நமக்குப் பழகின விஷயம்தான், அந்தக் கடைசி எழுத்து உயிர்மெய் வரிசையில் நடக்கிறது, அவ்வளவே. நொமனை (குடிப்பதில்லை), நொமிமஸ், நொமு, நொமெபா (குடித்தால்), நொமோ (குடிக்கலாம் வா). ம, மி, மு, மெ, மொ. இந்தக் கட்சிக்கு ஜப்பானியர் வைத்த பெயரே 'கொதன்', ஐந்து படி என்று பொருள். அவர்களுடைய எழுத்து வரிசையும் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்றுதான் போகும். பௌத்தத் துறவிகள் வழியாகப் போன சமஸ்கிருத எழுத்துப் பயிற்சியின் தடம் அது. நாம் ஒன்றாம் வகுப்பில் கத்திக் கத்திப் படித்த அதே ஒழுங்கு!

ஒரு பொறி இருக்கிறது. 'இரு', 'எரு' என்று முடிகிற எல்லாமே தபெரு கட்சி இல்லை. கயெரு (வீடு திரும்பு) பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும், ஆனால் கயெரிமஸ் என்று கொதன் பக்கம் போய்விடும். கிரு இன்னும் மோசம். வெட்டுவது என்றால் கிரிமஸ், உடுத்துவது என்றால் கிமஸ். போதாக்குறைக்கு வருவதும் கிமஸ்தான். இதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது எல்லாரும் பயப்படுகிற 'தெ' வடிவம். பலகையில் நான் எழுதிப்போடுகிற வாக்கியம் இது:

பரோட்டா ஒ தபெதெ, ஜிகர்தண்டா ஒ நொந்தெ, உசிலம்பட்டி நி கயெரிமஸ்.

பரோட்டாவைச் சாப்பிட்டு, ஜிகர்தண்டாவைக் குடித்து, உசிலம்பட்டிக்குத் திரும்புகிறேன். 'ஒ' நம் ஐ, 'நி' நம் கு. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. சாப்பிட்டு, குடித்து என்ற வினையெச்சம்தான் அந்தத் 'தெ'. காலத்தைக் கடைசி வினை மட்டும் சொல்லும், இங்கேயும் அங்கேயும். (நொந்தெ என்றதும் வகுப்பில் சிரிப்பு எழும். சிரித்தால் மறக்காது, சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.)

தபெரு கட்சிக்கு 'ரு' போய் 'தெ' வரும். கொதனில் மு, பு, நு முடிவெல்லாம் 'ந்தெ' ஆகும்: யொமு (படி) யொந்தெ, அஸொபு (விளையாடு) அஸொந்தெ. ட்ஸு, ரு, வெறும் உ ஆகியவை 'த்தெ': மட்ஸு (காத்திரு) மத்தெ. ககு (எழுது) கைதெ, ஹனஸு (பேசு) ஹனஷிதெ. இகு (போ) மட்டும் முறையை மீறி இத்தெ. முன்பு நொமிதெ, ககிதெ என்று ஒழுங்காக இருந்தவைதான் ஹெயான் காலத்தில் (794–1185) பேச்சில் தேய்ந்து இப்படி ஆயின. நில் நின்று ஆகிறது, கேள் கேட்டு ஆகிறது, போ போய் ஆகிறது. இதையெல்லாம் யோசிக்காமல் சொல்கிற வாய்க்கு நொந்தெ ஒரு பாரமா? அப்புறம், தெ இருக்கிற இடத்தில் த போட்டால் சாதாரணப் பேச்சின் இறந்தகாலம் கிடைத்துவிடும்: தபெத, நொந்த, கைத.

இங்கிலீஷ் வழியாகப் போனவர்கள் மாட்டுகிற இடம் ஒன்று. இமஸ் என்றால் இருக்கிறார். தபெதெ இமஸ் என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதை வைத்து, இத்தெ இமஸ் என்றால் போய்க்கொண்டிருக்கிறார் என்று எழுதிவிடுவார்கள். தப்பு. டோக்கியோ நி இத்தெ இமஸ் என்றால் டோக்கியோ போயிருக்கிறார், அங்கேதான் இருக்கிறார். நம் 'போயிருக்கார்' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்றால் பார்ப்பது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது இத்தெ கிமஸ், போயிட்டு வர்றேன். 'ஒகு' என்றால் வைப்பது. லாரி வருகிற நாளில் எங்கள் தெருவில் கேட்கிற "தண்ணி புடிச்சு வை" ஜப்பானியத்தில் மிஜு ஒ குந்தெ ஒகு. இதைச் சொன்ன அன்றைக்குத்தான் உசிலம்பட்டித் தங்கச்சி ஒருத்தி, "அக்கா, இதை ஏன் அந்த பிடிஎஃப்ல போடலை?" என்று கோபப்பட்டாள்.

உடனே "தமிழிலிருந்துதான் ஜப்பானியம் வந்தது" என்கிற வாட்ஸ்அப் வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள். ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதாடினார்; மொழியியலாளர்கள் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போகிறது, படிக்க அது போதும்.

டிசம்பர் முதல் ஞாயிறு சென்னையில் என்5 (ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் தொடக்க நிலை) எழுதப் போகிறவர்களுக்கு: அந்தத் தேர்வில் பேசச் சொல்ல மாட்டார்கள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதனால் நொந்தெயா நொமிதெயா என்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அப்படி இருக்க முடியாது, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இன்றைக்கு யொமு, மட்ஸு, ககு, கயெரு நான்கையும் மஸ், மஸென், தெ, த போட்டு எழுதிப் பாருங்கள். கயெருவுக்குக் கயெத்தெ வந்தால் சரி.