இரண்டாவது துணைக்கேள்வி

மக்களவையில் என் கேள்விக்கு அமைச்சர் பதில் சொன்ன பின் எழுந்து கேட்க எனக்கு இரண்டு துணைக்கேள்விகள். முதலாவதை, இலங்கைக் கடற்படை கைது செய்த நம் மீனவர் விடுதலைக்கும் இரண்டாவதை, அங்கே பிடிபட்ட படகுகளுக்கும் செலவழித்தேன். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியைப் பற்றிக் கேட்க எதுவும் மிஞ்சவில்லை. யோசித்து எடுத்த முடிவுதான். இன்னொரு முறை வாய்த்தாலும் அதையேதான் செய்வேன் என்று பல நாள் தோன்றும், சில நாள் தோன்றாது.

மக்களவையில் இருந்தவர்களுக்கு, அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்வியின் அருமை தெரியும். 15 முழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்து, அன்றைய 20 கேள்விகளுக்குள் இடம் பிடிக்க வேண்டும். அதிலும் முதல் ஐந்தாறுக்குள் இருந்தால்தான் எழுந்து நிற்கவே முடியும். 12 மணிக்குக் கேள்வி நேரம் முடிந்தால் மீதியெல்லாம் எழுத்துப் பதில். வரைவிலேயே அடிபடும் கேள்விகளும் நிறைய. 150 சொல்லைத் தாண்டக் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகச் சொல்லக் கூடாது. ‘இலங்கைக் கடற்படையின் அட்டூழியம்’ என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். கைதையும் ஆழ்கடல் படகுக்கான மானியத்தையும் ஒரே கேள்வியில் கோத்தாலும் சிக்கல். முன்னது வெளியுறவு அமைச்சகம், பின்னது மீன்வளம்.

ஆகவே வெளியுறவுக்கு (அ) கைதானவர்கள், (ஆ) பிடிபட்ட படகுகள், (இ) அரசு எடுத்த நடவடிக்கை என்று போடுவதே வழக்கம். என்ன துணைக்கேள்வி வரும் என்பதை அதிகாரிகள் முன்கூட்டியே கணித்து, அமைச்சர் கையில் கோப்பாகக் கொடுத்திருப்பார்கள். உயர்மட்டத்தில் வலியுறுத்தி வருகிறோம் என்ற வரி அதில் எப்போதும் உண்டு. அந்த வரியைத் தாண்ட வைக்கும் கேள்வியைத்தான் உறுப்பினர் தேட வேண்டும்.

நான் படகைத் தேர்ந்ததற்குக் காரணம், முந்தைய இரவு கரையிலிருந்து வந்த ஒரு போன். “ஆளு எப்படியும் வந்துருவான் சார், போட்டு வராது. போட்டைக் கேளுங்க.” அவர் சொன்னதில் தப்பில்லை. ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு பெரும்பாலான மீனவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். படகைக் கேட்க வேண்டுமானால் உரிமையாளரே இலங்கை நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும், ஆவணங்களோடு. போகவில்லையென்றால் படகு அரசுடைமை. யாழ்ப்பாணத்துக் காரைநகரிலும் மயிலிட்டியிலும் அப்படி நின்ற படகுகள் வெயிலில் பலகை பிளந்து, எஞ்சின் உப்பேறி, திருப்பித் தந்தாலும் ஓட்ட முடியாத நிலைக்குப் போய்விடுகின்றன. 2022 பிப்ரவரியில் ஏலமே விட்டார்கள். படகு போனாலும் கரையில் அதன் பேரில் வாங்கிய கடன் போவதில்லை. இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

ஆனால் படகு ஏன் பிடிபடுகிறது என்பது அந்தக் கேள்விக்குள் இல்லை. பாக் நீரிணையில் ஆழம் மிகக் குறைவு. கரையிலிருந்து சில கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவே ஏறத்தாழ 12 கடல் மைல்தான், இரு நாட்டுக் கடல் எல்லைக்கோடு அதற்கும் இப்பால். இடையில் மிஞ்சும் ஒடுக்கமான பரப்பில் இத்தனை இழுவைமடிகளுக்கு இறால் கிடைக்காது. எல்லை தாண்டினால் கிடைக்கும். அங்கே யாழ்ப்பாணத்துக் குருநகர், பருத்தித்துறைக்காரர் விரித்த வலை அந்த மடியில் சிக்கி அறுந்து போகும். அறுப்பவனும் தமிழன், இழப்பவனும் தமிழன். இலங்கையில் இழுவைமடித் தடைக்கான மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது யாழ்ப்பாணத் தமிழ் உறுப்பினராக இருந்த சுமந்திரன். 2017 ஜூலையில் அது சட்டமாயிற்று. நம் அவையில் அதே விஷயத்தை எழுப்ப எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அவர் தன் வாக்காளருக்காகப் பேசினார், நானோ என் வாக்காளருக்கு எதிராகப் பேச வேண்டும். இந்த வேறுபாட்டைச் சாக்காகச் சொல்லலாமா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பேன்? அதே 2017 இல் வந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தைத்தான். அப்போது படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, பயனாளி 10. இலக்கு 2,000 படகுகள், பழைய இழுவைப் படகை ஒப்படைக்க வேண்டும். காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் ஒரு ராத்திரி போய் விடியலில் இறாலோடு திரும்பியவன், ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் சூரை மீனுக்குத் தூண்டில் போடும் தொழிலுக்கு மாற வேண்டும். ஆள் கிடைக்க வேண்டும், பிடித்த சூரைக்கு விலை கிடைக்க வேண்டும். மூக்கையூரிலும் குந்துகாலிலும் துறைமுகம் கட்டுவது அதில் ஒரு பகுதிதான்.

இதைச் சொல்லும்போதே எதிர்வாதமும் வருகிறது. இழுவைமடியை நாமே அவையில் எழுப்பினால், தவறு உங்கள் பக்கம்தானே என்று அமைச்சர் உட்கார்ந்துவிடுவார், கொழும்பு அதையே எடுத்துக் காட்டும். 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் கச்சத்தீவு ஒப்பந்தத்தை அவையில் வைத்தபோது, மீன்பிடி, யாத்திரை, கப்பல் போக்குவரத்து உரிமைகள் முழுதும் காக்கப்பட்டுள்ளன என்று உறுதி சொன்னார். ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவர் அன்றே எதிர்த்துப் பேசினார். 1976 மார்ச் 23 இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள், அடுத்தவர் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன. அப்போது நெருக்கடி நிலை. தமிழக ஆட்சியும் ஜனவரி இறுதியிலேயே கலைக்கப்பட்டிருந்தது. அவையில் சொன்ன உறுதி ஒரு கடிதத்தில் போன வரலாறு இருக்கையில், நம் வாயாலேயே நம் வழக்கைத் தளர்த்துவது புத்தியா? இது வலுவான வாதம். கோழைத்தனத்துக்கும் வசதியான வாதம்.

ஆழ்கடல் படகு விவரத்தைப் பின்னர் மீன்வளத்துக்கு, எழுத்துப் பதில் மட்டுமே வரும் நட்சத்திரமில்லாக் கேள்வியாகப் போட்டால் அட்டவணை வரும்: ஒப்புதல் இத்தனை, கட்டியது இத்தனை. கட்டிய படகுகளில் எத்தனை இன்னும் ஆழ்கடலுக்குப் போகின்றன என்று தனிப் பத்தியாகக் கேட்காவிட்டால் அது வராது, துணைக்கேள்வியும் கிடையாது. அந்தப் பதிலை வைத்து அரை மணி நேர விவாதத்துக்கு மூன்று நாள் முன்னறிவிப்புக் கொடுக்க விதி இடம் தருகிறது. அனுமதிப்பது சபாநாயகர் விருப்பம். அதற்கு வரைவு எழுதி வைத்திருக்கிறேன், ‘இழுவைமடி’ என்ற சொல்லோடு ஒன்றும், அது இல்லாமல் ஒன்றும்.