கார் இன்னும் வாங்கல, ஆனா கார் குரூப்ல சேர்ந்தாச்சு

கார் வச்சிருக்குறவங்க தான் கார் குரூப்ல சேரணும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. என் கூட படிக்கிறவங்களே கேட்டாங்க, உன்கிட்ட சாவியே இல்லையே, அங்க போய் என்ன பண்ணப் போறன்னு. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம், முதல் கார் எப்ப வந்தாலும் அது யாரோ ஓட்டின பழைய காராத்தான் இருக்கும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி சேர்றது தான் சரின்னு எனக்கு இப்ப உறுதியாவே தெரியுது, ஏன்னு கொஞ்சம் விவரமா எழுதுறேன்.

ஒரு கார வாங்கிட்டா அந்தக் காரோட கட்சியில சேர்ந்த மாதிரி ஆயிடும். அதுக்கு அப்புறம் யாராவது அந்த எஞ்சின்ல எண்ணெய் குடிக்கிற பிரச்சனை இருக்குன்னு சொன்னா நமக்கு முதல்ல வர்றது கோபம், கேள்வி அப்புறம் தான் வரும். வாங்காம இருக்கும்போது எந்தக் கட்சியும் கிடையாது, டர்போ (எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளுறது) வச்சிருக்குறவர் பேசுறதையும் டர்போவே வேணாம்னு சொல்றவர் பேசுறதையும் ஒரே மாதிரி உக்காந்து கேக்க முடியுது. அதுவும் சொந்தக்காரங்க பேசுறதக் கேக்கணும், வாங்கின முதல் மாசத்துல பேசுறவங்க இல்ல, லட்சம் கிலோமீட்டர் தாண்டினவங்க. புரோஷர்ல பவர், மைலேஜ், ஸ்க்ரீன் சைஸ் எல்லாம் இருக்கும், கிளட்ச் மாத்த கியர்பாக்ஸ இறக்கணும், அதுக்கு சப்ஃப்ரேமையே, அதாவது எஞ்சினத் தாங்குற சட்டத்தையே கழட்டணும்னு எந்த புரோஷர்லயும் இருக்காது. ஹெட்லைட் பல்பு மாத்த பம்பர கழட்ட வேண்டிய கார் இருக்குன்னு ஒரு அக்கா சொன்னப்ப நான் நம்பவே இல்ல, அவங்க கார்லயே காட்டினாங்க.

காலேஜ்ல படிச்சது எனக்கு முழுசா உறைச்சது எங்கன்னு கேட்டா இந்த குரூப்ல தான். ஒண்ணு மட்டும் நீளமா சொல்றேன், ஏன்னா இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல க்ளோஸ்டு லூப், ஃபீட்பேக் (விளைவ அளந்து பாத்து திரும்பத் திருத்திக்கிறது), இன்டெக்ரல் டெர்ம் (நீடிக்கிற பிழையச் சேத்து வச்சுத் திருத்துறது)னு எல்லாம் படிச்சிருப்போம். அது அப்படியே பெட்ரோல் எஞ்சின்ல ஓடிட்டு இருக்கு. பெட்ரோல் சரியா எரியணும்னா எடைக்கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும், அந்த விகிதத்த எஞ்சின் கம்ப்யூட்டர் எக்ஸாஸ்ட்ல இருக்குற ஆக்ஸிஜன் சென்சார வச்சு தான் பிடிச்சு நிறுத்துது. சாதாரண நேரோபேண்ட் சென்சார் பெட்ரோல் குறைஞ்சா 0.1 வோல்ட் பக்கம் போகும், கூடினா 0.9 பக்கம் போகும், இந்த ரெண்டுக்கும் நடுவுல அது ஏறி இறங்கிட்டே இருக்கும். அதப் பாத்து கம்ப்யூட்டர் பெட்ரோல அந்தந்த நேரத்துக்குக் கூட்டிக் குறைக்கிறது ஷார்ட் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அந்தத் திருத்தம் ஒரே பக்கமா நீடிச்சா அத மனப்பாடம் பண்ணி வச்சுக்கிறது லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம். ஓபிடி ஸ்கேனர்ல (எஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்குறத படிச்சுக் காட்டுற கருவி) இந்த ரெண்டு நம்பரும் லைவ்வா தெரியும். பத்து சதவீதம் மேல கீழ வரைக்கும் பொதுவா கவலைப்பட மாட்டாங்க.

ஒரு மெம்பரோட பழைய ஹேட்ச்பேக்ல செக் எஞ்சின் லைட் எரிஞ்சுது, ஐடில்ல (ஆக்ஸிலரேட்டர மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடும்போது) நடுங்குச்சு, ஸ்கேனர் போட்டா பி0171ன்னு கோட், அதாவது கலவை ரொம்ப லீன், காத்துக்குப் பெட்ரோல் பத்தல. லாங் டெர்ம் ட்ரிம் ஐடில்ல இருபது சதவீதத்துக்கு மேல நிக்குது. இங்க நிறைய பேரு உடனே ஆக்ஸிஜன் சென்சார் போச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டுடுவாங்க. குரூப்ல சீனியர் அண்ணன் ஒருத்தர் அப்படி விடல, ஆக்ஸிலரேட்டர மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல பிடிங்கன்னாரு, ட்ரிம் அப்படியே அஞ்சு பக்கம் இறங்கிடுச்சு. என்னைப் பாத்து "தம்பி, படிக்கிற பையன் தானே, ஏன் இறங்குச்சு சொல்லு"ன்னாரு. யோசிச்சுப் பாத்தா விடை கிளாஸ்ல படிச்சதுலயே இருக்கு. ஐடில்ல த்ராட்டில் (காத்து போற வழியில இருக்குற கதவு) மூடியிருக்கு, மேனிஃபோல்டுல (அதுக்கு அப்புறம் காத்து போற குழாய்) வெற்றிடம் அதிகம், உள்ள போற மொத்தக் காத்தே கொஞ்சம் தான், அதனால எங்கயாவது ஒரு ஓட்டை வழியா, உள்ள போற காத்த அளக்குற ஏர்ஃப்ளோ சென்சாருக்குத் தெரியாம வர்ற காத்து மொத்தத்துல பெரிய பங்கா ஆயிடுது. ஆர்பிஎம் ஏறினா உள்ள போற காத்து பல மடங்கு கூடுது, ஓட்டை அதே சைஸ்ல தான் இருக்கு, அதோட பங்கு சின்னதாயிடுது. அப்ப இது வேக்யூம் லீக். இதுவே உல்டாவா ஐடில்ல நல்லா இருந்து வேகம் ஏற ஏற ட்ரிம் கூடியிருந்தா பெட்ரோல் பத்தல, பம்பையோ ஃபில்டரையோ ஏர்ஃப்ளோ சென்சாரையோ சந்தேகப்படணும். தேடினா எஞ்சினுக்குப் பின்னாடி ப்ரீதர் ஹோஸ்ல வெடிப்பு, கைய வச்சா தெரியுது. ஒரு ரப்பர் குழாய் மாத்தினதோட வேலை முடிஞ்சுது. (இந்தக் கணக்கு ஏர்ஃப்ளோ சென்சார் இருக்குற எஞ்சினுக்கு. மேனிஃபோல்டு பிரஷர வச்சுக் கணக்குப் போடுற எஞ்சின்ல லீக் வேற மாதிரி காட்டும், ஐடில் ஏறி நிக்கும், ட்ரிம் இந்த அளவுக்கு அசையாது.) இத நான் எந்த லேப்லயும் பாத்ததில்ல, இன்டெக்ரல் டெர்ம்னா என்னன்னு இனிமே யாரு கேட்டாலும் எனக்கு அந்த ஹோஸ் தான் ஞாபகம் வரும்.

பவர் டார்க் (எஞ்சினோட முறுக்கு விசை) சண்டை எல்லா குரூப்லயும் இருக்கும்னு நினைக்கிறேன், எங்க குரூப்லயும் இருக்கு. டார்க் தான் முக்கியம்னு ஒரு கூட்டம், பவர் தான்னு ஒரு கூட்டம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்ட விஷயம், நியூட்டன் மீட்டர ஆர்பிஎம்மால பெருக்கி 9549ஆல வகுத்தா கிலோவாட். 150 நியூட்டன் மீட்டர் 2000 ஆர்பிஎம்ல கிடைச்சா 31 கிலோவாட், அதே 150 நியூட்டன் மீட்டர் 4000ல கிடைச்சா 63 கிலோவாட். அதனால எனக்கு உச்ச நம்பர விட டார்க் கர்வ் எங்க தொடங்கி எங்க வரைக்கும் சமமா ஓடுதுங்குறது தான் முக்கியமாப் படுது, முக்கியமா புதுசா ஓட்டுறவனுக்கு. குரூப்ல பலரும் தலையில வச்சுக் கொண்டாடுற மஸ்டா எம்எக்ஸ்-5 1989ல வந்தப்ப 1.6 லிட்டர் எஞ்சின், பவர் 120 குதிரைத்திறனுக்கும் கீழ, ஆனா எடை ஒரு டன்னுக்கும் கீழ, பின் சக்கரம் தான் இழுக்கும். பத்து லட்சம் கார் தாண்டி உற்பத்தி ஆயிருக்கு. பெரிய நம்பர் இல்லாமலே ஒரு கார் ஓட்ட சந்தோஷமா இருக்க முடியும்னா எடையையும் ஸ்டியரிங்கையும் பாத்து வாங்குறதுல அர்த்தம் இருக்கு.

இனி வாங்குறதுக்கு நேரடியா உதவுற விஷயம். பழைய கார் பாக்கப் போற மெம்பர்ஸ் கூட நானும் போவேன், யாரும் வேணாம்னு சொன்னதில்ல, டார்ச் பிடிக்க ஒரு ஆள் எப்பவும் தேவைப்படுது. முதல் விதி எஞ்சின் குளிர்ந்து இருக்கணும். போறதுக்கு முன்னாடியே விக்கிறவர் ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா அன்னைக்கு பாக்கவே வேணாம், இன்னொரு நாள் வரோம்னு கிளம்பிடலாம்னு அண்ணன் சொல்வாரு, ஏன்னா டைமிங் செயின் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற சங்கிலி) தளர்ந்திருந்தா வர்ற சத்தமும், வால்வ் ஸ்டெம் சீல் (வால்வ் வழியா எண்ணெய் உள்ள இறங்காம தடுக்குறது) போயிருந்தா முதல்ல வர்ற நீலப் புகையும் குளிர்ந்த ஸ்டார்ட்ல தான் நல்லா பிடிபடும். நீலப் புகைன்னா எண்ணெய் எரியுது, கருப்புன்னா பெட்ரோல் கூடுது, வெள்ளை குளிர் நேரத்துல கொஞ்ச நேரம் வந்து நின்னுட்டா அது வெறும் நீராவி, நிக்காம இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் எரியுது, ஹெட் கேஸ்கெட்ட (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற சீல்) சந்தேகப்படணும்.

ஓபிடி பத்தி எனக்குத் தெரியாத ஒரு தந்திரம் இருந்துச்சு. அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து எல்லா கார்லயும் இந்த 16 பின் சாக்கெட் கட்டாயம், ஐரோப்பாவுல பெட்ரோல் காருக்கு 2001ல இருந்து, அதனால ஓரளவு புது கார்னா டேஷ்போர்டுக்குக் கீழ கண்டிப்பா இருக்கும். விக்கிறவர் முந்தின நாள் கோட எல்லாம் அழிச்சிட்டா லைட்டும் எரியாது, ஸ்கேனர்ல எதுவும் வராது, கார் சுத்தம்னு நாம நினைச்சுடுவோம். ஆனா அழிச்சா கூடவே ரெடினஸ் மானிட்டரும் (கார் தன்னத் தானே பண்ணிக்கிற டெஸ்ட் முடிஞ்சுதான்னு காட்டுறது) ரீசெட் ஆயிடும், கேட்டலிஸ்ட் (புகைய சுத்தம் பண்றது), எவாப் (பெட்ரோல் ஆவி வெளிய போகாம பிடிக்கிறது) மாதிரி டெஸ்ட் எல்லாம் திரும்ப முடியறதுக்கு பல விதமா ஓட்டணும். அதனால கோட் எதுவும் இல்லாம, மானிட்டர் மட்டும் நாலஞ்சு முடியாம இருக்குன்னா சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரி கழட்டியிருக்காங்க. ஏன்னு கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே பாதி தெரிஞ்சுடும்.

டயர் ஒரு டைரி மாதிரி எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கும். டயரோட பக்கச் சுவர்ல இருக்குற நாலு இலக்கத்துல முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம், 2319ன்னா 2019ஓட 23ஆவது வாரம். உள் விளிம்பு மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ சரியில்ல. ஓடோமீட்டர் ரொம்பக் கம்மியா காட்டி, பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் வழவழன்னு தேஞ்சிருந்தா அந்த நம்பர நம்பாதீங்க.

மாடிஃபிகேஷன் பத்தி எனக்கு ரொம்ப மரியாதை வந்தது குரூப்ல சொல்ற வரிசையால. பவர் ஏத்துறது கடைசி. முதல்ல நல்ல டயர், அப்புறம் பிரேக் பேட், பிரேக் ஃப்ளூயிட். கிளைக்கால் வகை பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சிட்டே இருக்கும், புது டாட் 4 குறைஞ்சபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது, ஆனா அதுல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த அளவு 155க்கு வந்துடுது. நீளமான இறக்கத்துல பிரேக் சூடாகி ஃப்ளூயிட் கொதிச்சா ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிக்காது. அந்தக் கார்ல யாரு யாரு இருப்பாங்கன்னு யோசிச்சா எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு செலவு பண்ணத் தோணாது.

வேகம் பத்தியும் அப்படித்தான். ரோட்டுல ரேஸ் விடுற ஆள குரூப்ல வச்சுக்கிறதே இல்ல, மூடின ட்ராக் நாள்ல மட்டும் தான் வேகம். நிக்கிற தூரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், டயர் பிடிப்பு (உராய்வு எண்) 0.8ன்னு வச்சா மணிக்கு 50 கிலோமீட்டர்ல 12 மீட்டர், 100ல கிட்டத்தட்ட 49 மீட்டர், அதுவும் பிரேக்க மிதிச்ச பிறகு, காலு போறதுக்கு ஒரு செகண்ட் ஆனா 100ல இன்னும் 28 மீட்டர் சேருது. ஜாக் மட்டும் வச்சு காருக்கு அடியில போகவே கூடாது, ஸ்டாண்ட் வைக்காம யாராவது குனிஞ்சா கூட அண்ணன் சத்தம் போடுவாரு, எனக்கு அது பிடிச்சிருக்கு.

சேரணும்னு நினைக்கிறவங்களுக்கு என்னோட எண்ணம், போன உடனே எந்தக் கார் வாங்கலாம்னு கேக்காதீங்க. ஆளுக்கு ஒரு பேரு சொல்வாங்க, பெரும்பாலும் அவங்க கார் பேரு. அதுக்குப் பதிலா உங்க கார்ல நீங்க கடைசியா என்ன மாத்தினீங்க, எதுனால மாத்தினீங்கன்னு கேளுங்க, அதுக்கு எல்லாரும் உண்மையா, நிறைய நேரம் எடுத்துச் சொல்வாங்க. ஒரே மாடல் வச்சிருக்குற நாலு பேரு ஒரே பாகத்தச் சொன்னா அத எழுதி வச்சுக்கோங்க. எல்லா குரூப்பும் இப்படி இருக்காதுங்குறதும் நிஜம், காரோட விலைய வச்சு ஆள எடை போடுற இடமா இருந்தா நாள் கடத்தாம வெளிய வந்துடுங்க, வேற குரூப் கிடைக்கும்.

என்னோட லிஸ்ட் இப்ப ரொம்பச் சுருங்கிடுச்சு. சேர்றதுக்கு முன்னாடி டர்போ செடான்ல தான் கண்ணு, இப்ப டர்போ இல்லாத மேனுவல் ஹேட்ச்பேக், எடை கம்மி, பார்ட்ஸ் சுலபமா கிடைக்கணும், சொந்தமா வேலை பாக்க கை உள்ள போற அளவு எஞ்சின் பே இருக்கணும். கையில இருக்குற பணம் முழுசையும் காருக்கே போடாம ஒரு பங்க வாங்கின உடனே பண்ற சர்வீஸுக்கு தனியா ஒதுக்கி வச்சிருக்கேன், எண்ணெய், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், பிளக், ஃபில்டர், தேவைன்னா டயர்.

ஒரு கார் மனசுக்குப் பிடிச்சிருக்கு. டைமிங் பெல்ட் வகை எஞ்சின், அதுவும் பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கிற டிசைன், அதனால கிலோமீட்டர் மட்டும் இல்ல பெல்ட்டோட வயசும் கணக்கு. மாத்தினேன்னு விக்கிறவர் சொல்றாரு, எந்தத் தேதி எத்தனை கிலோமீட்டர்ல மாத்தினதுன்னு பில் கேட்டிருக்கேன், தேடிப் பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. பில் கிடைச்சா அண்ணனோட போய்ப் பாக்கணும், கிடைக்கலன்னா பெல்ட், அத இறுக்கமா வைக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் மாத்துற செலவ விலையில கழிச்சுத் தான் பேசப் போறேன். இதே மாதிரி பெல்ட் எஞ்சின் வச்சிருக்குறவங்க யாராவது படிச்சா, வாட்டர் பம்ப்ப கூடவே மாத்தினீங்களா இல்ல விட்டுட்டீங்களான்னு சொல்லுங்க, விட்டவங்களுக்கு அப்புறம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்.