ஒரு போல்ட் முறிந்த மதியம்

கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவின் வில்லெம்ஸ்டாட்டில், எங்கள் கப்பல் பழுதுபார்க்க டிரை டாக்கில் (தண்ணீர் வடித்த துறையில்) நின்ற மூன்று வாரமும் எனக்குப் பம்ப் ரூம்தான் வீடு. உள்ளூர் ஃபிட்டர்கள் என்னிடம் ஆங்கிலம் பேசுவார்கள். ஸ்பேனர் கைக்கு ஏறிவிட்டால் மட்டும் தீவின் சொந்த மொழியான பாப்பியமென்டு. 2007 முதல் அங்கே அது ஆட்சிமொழியும்கூட.

எனக்கு முதலில் பிடிபட்ட சொல் 'போன்'. 'எ பொம்ப் தா போன்' என்றால் பம்ப் நல்லது. 'எ பொம்ப் தா த்ராஹா போன்' என்றால் பம்ப் நன்றாக வேலை செய்கிறது. நம் 'ஆக' மாதிரி எதுவும் ஒட்டவில்லை. வினைக்குப் பின்னால் போய் நின்றாலே அது வினையடை. ஸ்பானியச் சாயலில் '-மென்தே' என்று முடியும் சொற்களும் உண்டு. பம்ப் ரூமில் அவை என் காதில் விழுந்ததில்லை.

அடுத்து 'துரு'. இரும்போடு பிழைக்கிறவனுக்கு அந்தச் சொல் மறக்குமா? 'கோரே துரு' என்றால் வேகமாக ஓடு. அதை நம்பி, கப்ளிங் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் "துரு, துரு" என்றேன். சீக்கிரம் முடி என்பது என் நினைப்பு. அவன் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். 'டக்'கென்று போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. தப்பு என்னுடையது என்று ஃபோர்மேனிடம் நானே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. வாயைத் தொட்டு, "பாப்பியா துரு": உரக்கப் பேசு. ஸ்பேனரைத் தொட்டு, "பெர்தா துரு": இறுக்கமாக முடுக்கு. சீக்கிரம் என்பதற்கு 'லிஹே' இருக்கிறதாம். துரு எந்த வினையோடு சேர்கிறதோ அந்த வினையின் பலத்தைக் கூட்டுகிறது. யோசித்தால் நம் 'நல்லா'வும் அப்படித்தான். நல்லா முடுக்கு, நல்லா கத்து, நல்லா மிதி என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே.

எனக்கு மிகவும் பிடித்தது 'காபா'. முடி என்ற வினையே வாக்கியக் கடைசியில் வந்து 'ஏற்கெனவே' ஆகிவிடும். 'மி ஆ கோமே காபா': சாப்பிட்டாச்சு. ஊரைவிட்டு எட்டு மாதமான எனக்கு அந்த 'ஆச்சு' அங்கே கேட்டது பெரிய ஆறுதல்.

புது போல்ட் போடும்போது ஃபோர்மேன் பையனின் தோளில் கை வைத்து நின்றார். "பெர்தா துரு, மா போகோ போகோ." இறுக்கமாக, ஆனால் மெல்ல மெல்ல.