மொகாமி தின்ற 12 மதிப்பெண்

நேற்று முடிவு வந்தது. 71. அப்பாடா என்றிருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. ஜப்பானியக் கடற்படை வரலாற்றை விருப்பப் பாடமாக எடுக்கப் போகிறவர்களுக்காக, கப்பல் பெயர்ப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் குறிப்பேட்டைப் புரட்டினாலே தேறும்.

எல்லோரையும் போல நானும் அட்டவணையை உருப்போட்டேன். பேட்டில்ஷிப்புக்கு, அதாவது மிகப் பெரிய போர்க்கப்பலுக்கு, பழைய மாகாணம் (யமாட்டோ, முசாஷி), கனரகக் குரூசருக்கு (பெரிய பீரங்கியுள்ள நடுத்தரப் போர்க்கப்பல்) மலை, இலகுரகக் குரூசருக்கு (சிறிய பீரங்கியுள்ளது) ஆறு, விமானந்தாங்கிக்குப் பறப்பவை, நாசகாரிக்குக் காற்று, பனி, அலை. அப்புறம் கேள்வித்தாளில் வந்து நின்றது: 20.3 செ.மீ. பீரங்கியுள்ள, அதாவது கனரகக் குரூசரான, மொகாமிக்கு ஆற்றின் பெயர் ஏன்? ‘விதிவிலக்கு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தேன். பூஜ்யம்.

அது விதிவிலக்கே இல்லை. கப்பலை என்னவாகக் கட்ட நினைத்தார்களோ அதற்குத்தான் பெயர். 1930 லண்டன் கடற்படை ஒப்பந்தம் கனரகக் குரூசர்களுக்குக் கடிவாளம் போட்டது. அதனால் மொகாமியை 15.5 செ.மீ. பீரங்கிகள் 15 வைத்து, இலகுரகக் குரூசராகக் கட்டினார்கள். பின்னால் அவற்றைக் கழற்றி 20.3 செ.மீ. பீரங்கிகள் 10 பொருத்தினார்கள். பெயரை மட்டும் தொடவில்லை. விமானந்தாங்கிகளான அகாகிக்கு மலைப் பெயரும் காகாவுக்கு மாகாணப் பெயரும் இருப்பது இதனால்தான்: முதலது பேட்டில்குரூசராகவும் (அதற்கும் மலைப் பெயர்தான்) மற்றது பேட்டில்ஷிப்பாகவும் தொடங்கியவை. யமாட்டோவின் தங்கையாகத் தொடங்கி விமானந்தாங்கியான ஷினானோவும் அப்படியே. இதை மூன்று முறை படியுங்கள்.

நீர்மூழ்கிக்கு இவ்வளவு போதும்:

- போர்க்காலத்தில் எழுத்தும் எண்ணும்தான். இ பெரியது, ரோ நடுத்தரம், ஹா சிறியது. நம் அ, ஆ, இ போல ‘இரோஹா’ வரிசை. உதாரணம்: இ-400.
- போருக்குப் பிறகு ‘ஷியோ’, அதாவது கடலின் ஏற்றவற்றம், நீரோட்டம்.
- 2009இல் சோர்யூ முதல் ‘ர்யூ’, டிராகன்.
- 2022இல் தைகெய் முதல் ‘கெய்’, திமிங்கிலம்.
- சோர்யூ என்றால் முதலில் ஆண்டைப் பாருங்கள். மிட்வேயில் 1942இல் மூழ்கிய விமானந்தாங்கிக்கும் அதே பெயர்.
- நீர்மூழ்கி மட்டுமல்ல, எந்தக் கப்பலுக்கும் ஆட்களின் பெயர் வைப்பதில்லை. ஷிராசே என்ற பனியுடைப்புக் கப்பல் ஓர் ஆய்வாளரின் பெயர் போலத் தெரியும். அவர் பெயர் கொண்ட அண்டார்டிகப் பனியாற்றின் பெயர் அது.

ஃபிளாஷ் கார்டு எனக்கு ஒத்துவராது, கண்ணால் பார்த்தால்தான் பதியும். ஜப்பானின் கூரே துறைமுக நகரில் கரையேற்றி வைத்திருக்கும் அகிஷியோ நீர்மூழ்கிக்குள் குனிந்து போய்வந்தேன். அதற்குப் பிறகு ‘ஷியோ’ மறக்கவில்லை. அனுமதி இலவசம், போய் வாருங்கள்.

மறுமதிப்பீடு கேட்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். எதைக் காட்டிக் கேட்பது? அந்த 12 மதிப்பெண் கேள்விக்கு நான் எழுதியதே ஒரு வரி.