படம் எடுக்காத நேரத்தில் கேமரா எங்கே இருக்கும்? மொரீஷியஸில் ஒரு சின்னதும் ஒரு பெரியதும்

ஒரு நாளில் முந்நூறு படம் எடுக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு திறந்தால் மொத்தம் மூன்றே விநாடி. மீதி நேரமெல்லாம் கேமரா நம்மோடு சும்மா வருகிறது. தோளில், மடியில், பேருந்து சீட்டில், சாப்பாட்டு மேசையில், கோயில் வாசலில். அதனால் தினமும் எடுத்துக்கொண்டு போக எந்தக் கேமரா வாங்கலாம் என்று யார் கேட்டாலும், அந்த மீதி நேரத்தில் அதை எங்கே வைப்பீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். மொரீஷியஸுக்கு நான் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு கேமராவையும் கொண்டு போயிருந்தேன். அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

பெரியது நிக்கான் டி750. 2014-ல் வந்த மாடல், ஒளியைப் படமாக்கும் சென்சார் ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய அளவு. பேட்டரியும் கார்டும் சேர்த்து 840 கிராம், அதில் வழக்கமாக மாட்டியிருக்கும் 24-120 மி.மீ. ஜூம் லென்ஸ் 710 கிராம், ஆக ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். சின்னது ரிக்கோ ஜிஆர் 3. 2019-ல் வந்தது, பேட்டரியோடு 257 கிராம், சட்டைப் பையில் போகும். ஜூம் கிடையாது, கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் கிடையாது, உள்ளேயே அமைந்த ஃபிளாஷும் கிடையாது. பெரிய கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் எவ்வளவு அகலம் காட்டுமோ அவ்வளவுதான் இதுவும் காட்டும். வேண்டுமானால் நாம்தான் கிட்டே போகவேண்டும், தள்ளிப் போகவேண்டும்.

தங்கியது காத்ர் போர்ன் ஊரில் ஒரு தமிழாசிரியர் வீட்டில். வீட்டில் எல்லாரும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். ஐயா மட்டும் என்னிடம் ஒரு எழுத்தையும் விழுங்காத தமிழில், "தம்பி, நீங்கள் சிற்றுண்டி அருந்திவிட்டீர்களா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதே தமிழ் வந்துவிட்டது.

முதலில் போர்ட் லூயி. காத்ர் போர்னிலிருந்து மெட்ரோ ஏறினால் நேரே தலைநகரில் இறங்கலாம், காலையில் அலுவலகக் கூட்டம் நெரிக்கும். பெரிய கேமராவை முன்பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு கை அதற்கே போய்விடுகிறது, இன்னொரு கை கம்பிக்கு. மத்தியச் சந்தையில் இறங்கிய பிறகும் அதே கதைதான். அங்கே கதோ பிமா என்று ஒன்று விற்பார்கள், நம்ம ஊர் பருப்பு வடையின் நேர்த் தம்பி, ரொட்டிக்குள் வைத்தும் தருவார்கள். அப்புறம் அலூடா, சப்ஜா விதை மிதக்கும் குளிர்ந்த பால். ஒரு கையில் எண்ணெய்க் காகிதம், இன்னொரு கையில் பால் தம்ளர், கழுத்தில் ஒன்றரைக் கிலோ. குனிந்து கடிக்கும்போதெல்லாம் லென்ஸ் மேசை விளிம்பில் போய் இடிக்கும். மறுமுறை போனபோது சின்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன், அது சட்டைப் பையில் இருந்ததே நினைவில்லாமல் வடையைச் சாப்பிட்டு முடித்தேன்.

சந்தையில் ஒரு அம்மா சில்லறை கொடுத்தார். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் இருக்கும், அப்புறம்தான் இந்தி. 1998-ல் வந்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டதால் அங்குள்ள தமிழர்கள் கொதித்துப்போய், கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வேறு அச்சிட வேண்டியதாயிற்று. ஐயா இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடும். அந்தத் தமிழ் வரியைப் படம் எடுக்க ஆசை. ஜிஆரின் மேக்ரோவில், அதாவது கிட்டே வைத்து எடுக்கும் முறையில், 6 செ.மீ. வரை நெருங்கலாம். நோட்டை உள்ளங்கையில் விரித்து, அந்த அம்மாவின் தராசு நிழலிலேயே எடுத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் மை தேய்ந்து தாளின் நார் தெரிகிறது, அதன்மேல் தமிழ் எழுத்து. என்னுடைய 24-120 லென்ஸ் 45 செ.மீ.க்குக் கிட்டே வராது.

சரி, படத் தரம்? எல்லாரும் கவலைப்படுவது அதற்குத்தான், அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ., பரப்பு 864 சதுர மி.மீ. ஜிஆரில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு, 23.5க்கு 15.6, சுமார் 367. பெரியது இரண்டு மடங்குக்கு மேல். ஒரே அபெர்ச்சரில், அதாவது லென்ஸின் துவாரம் ஒரே எஃப் எண்ணில் இருக்கும்படி வைத்தால், பெரியதுக்கு ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) சற்று அதிகமாக ஒளி கிடைக்கும், இருட்டில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல் அந்த அளவு குறையும். ஆனால் என்னுடைய ஜூம் லென்ஸ் எஃப்/4, ஜிஆரின் லென்ஸ் எஃப்/2.8; எண் குறைந்தால் துவாரம் பெரிது. அது ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்கிறது. ஆக, கோயில் மண்டபத்தின் மங்கலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றன. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இரண்டு பக்கமும் உண்டு. பெரிய கேமராவில் எஃப்/1.8 லென்ஸ் மாட்டினால் அது நிச்சயம் ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பயணத்துக்குப் பெரிய கேமரா வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு ஜூமை மாட்டிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படியிருந்தால் எடையில் பாதிக்கு மேல் பயனில்லாமல் சுமக்கிறீர்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த ஃபுல் ஃப்ரேம் அளவே ஒரு காலத்தில் சின்னக் கேமராவின் அளவு. ஜெர்மனியில் வெட்ஸ்லர் ஊரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. சினிமா ஃபிலிமைப் படுக்கை வசத்தில் ஓட்டி, இரண்டு சினிமாச் சட்டத்தைச் சேர்த்து ஒரு படம், 24க்கு 36 மி.மீ., என்று அவர் செய்த கையடக்கக் கருவிதான் 1925-ல் லைக்கா என்று சந்தைக்கு வந்தது. மூச்சு வாங்குகிற ஒரு மனிதனின் தேவையிலிருந்து பிறந்த அளவை இன்று நாம் ஒன்றரைக் கிலோவுக்குள் வைத்துச் சுமக்கிறோம்.

இனி தைப்பூசம். அங்கே அதற்கு அரசு விடுமுறை. காத்ர் போர்ன் ஊரை ஒட்டி நிற்கும் கோர் த கார்த் மலைச் சரிவில் முருகன் கோயில், படியேறிப் போகவேண்டும். கொடியேற்றத்தன்று நான் பெரிய கேமராவோடு போயிருந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, நேர் எதிர். கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் வரச்சொன்னார்கள். ஒரு பாட்டி பேரக்குழந்தைகளை உயர வாரியாக வரிசையில் நிறுத்தி, எடு என்பதுபோல் கையைக் காட்டினார். ஒருவர் எந்தப் பத்திரிகை என்று கேட்டார். பெரிய கேமரா கையில் இருந்தால் நமக்கு ஒரு உத்தியோகம் வந்துவிடுகிறது, அதைச் செய்தே தீரவேண்டும். பாட்டிக்கு நல்ல படம் எடுத்துக் கொடுத்தேன், அதில் மகிழ்ச்சிதான். ஆனால் சாமி கும்பிட வந்தவனாக நான் அங்கே நிற்கவில்லை.

தைப்பூசத்தன்று ஐயாவின் மைத்துனர் பத்து நாள் விரதம் முடித்துக் காவடி எடுத்தார். நானும் வேட்டி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கூடவே நடந்தேன். வேட்டிக்கு ஏது பாக்கெட்? இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். பெரியதை மாட்டினால் வெறும் தோளில் வார் அறுக்கும், வியர்வையில் வழுக்கும், அதைவிட மோசம், நெருக்கத்தில் பக்கத்து ஆள்மேல் இடிக்கும். கன்னத்தில் வேல் தரித்தவர், முதுகில் கொக்கி போட்டு எலுமிச்சம்பழம் தொங்கவிட்டவர், இவர்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளியில் நடக்கிறோம், அந்த உடம்புகளில் ஒரு கனத்த பொருள் போய்ப் படக்கூடாது. சின்னதை வேட்டி மடிப்பில் செருகி, அதன் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். கை இரண்டும் காலி. மைத்துனருக்குத் தண்ணீர் நீட்ட முடிந்தது, ஒரு பையனின் பால் சொம்பைக் கொஞ்ச தூரம் வாங்கிச் சுமக்க முடிந்தது.

படம் எடுக்கிற நேரத்திலும் சின்னதில் ஒரு வசதி. ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே பூட்டி வைக்கலாம். 2 மீட்டரில் பூட்டி அபெர்ச்சரை எஃப்/8-ல் வைத்தால், லென்ஸ் வெறும் 18.3 மி.மீ. என்பதால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து மலை உச்சி வரை எல்லாமே தெளிவாக விழும். இடுப்பிலிருந்து எடுத்தோம், அமுக்கினோம், திரும்பச் செருகினோம், அதற்குள் நடை தப்பாது. எனக்குப் பிடித்த படம் அப்படி வந்ததுதான். அந்தப் பையனின் சொம்பு. வாயை வாழையிலை வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். படியேறும் குலுக்கலில் இலையின் விளிம்புக்கு அடியிலிருந்து ஒரு துளி பால் கசிந்து, மஞ்சள் பூசிய பித்தளையில் வெள்ளைக் கோடாக இறங்கி, அவன் கட்டைவிரலில் வந்து நிற்கிறது.

பூஜை முடிந்து வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். இந்த இரண்டு கேமராவுக்கும் ஷட்டர் பொத்தான் வலப்பக்கம், நாம் சாப்பிடுவதும் வலது கை, ஆகவே அந்த நேரத்தில் எதிலும் படம் கிடையாது. அது எங்காவது இருக்கவேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. ரசம் ஊற்றுகிறவர் வாளியோடு குனியும்போது பெரிய கேமரா மடியில் இருந்தால் சாப்பாடு இறங்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு சின்னதே போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாஹேபூர் பக்கம் ஈல் ஓ ஏக்ரெத் என்று ஒரு சின்னத் தீவு, மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. படகில் கூட்டிப் போவார்கள், வழிகாட்டியோடுதான் நடக்கலாம். அங்கே இளஞ்சிவப்புப் புறா இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் புறாதான் மிஞ்சியிருந்தது, கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, தீனி வைத்து, எலியும் பூனையும் அண்டாமல் காத்து, சில நூறுகளாகப் பெருக்கியிருக்கிறார்கள். கருங்காலி மரத்தின் உயரக் கிளையில் அது உட்கார்ந்திருக்கும்போது ஜிஆரின் அகல லென்ஸில் எடுத்தால் இலைகளுக்கு நடுவே ஒரு வெளிர்ப்புள்ளிதான் கிடைக்கும். அன்றைக்கு டி750-யில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-300 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு போனேன், கழுத்து வலித்தது, வலிக்கட்டும். இறகின் ரோஜா நிறம் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்க இறங்க வெளிறுவதும், காலில் கட்டிய அடையாள வளையங்களின் நிறமும் படத்தில் தெரிகின்றன. அன்று முழுவதும் கேமரா கையிலேயே இருந்தது, வைக்க இடம் தேட வேண்டிய தேவையே வரவில்லை. பறவைக்காகவே கிளம்பிய நாள் அது.

கடலும் மழையும் பெரியதின் பக்கம்தான். டி750-யின் மூட்டுகளில் தூசி, தூறல் தாங்க ரப்பர் அடைப்பு உண்டு, ஜிஆரில் இல்லை. படகில் உப்புத்துளி தெறிக்கும்போது அதை வெளியே எடுக்கவே மாட்டேன். அந்தப் பருவத்தில் மேட்டுநிலத்து ஊர்களில், முக்கியமாகக் கியூர்பிப்பில், மழை சொல்லாமல் கொட்டும். உச்சி வெயிலில் வெள்ளை மணல் கடற்கரையில் ஜிஆரின் பின்பக்கத் திரை கண்ணுக்கே தெரியாது, குத்துமதிப்பாகத்தான் எடுக்கவேண்டும். பேட்டரி சுமார் 200 படத்துக்குத்தான் என்று கணக்கு, பெரியது ஆயிரத்தைத் தாண்டும். ஜிஆரைக் கைபேசி சார்ஜரிலேயே ஏற்றிவிடலாம் என்பது ஒரு ஆறுதல். இன்னொன்று: நீண்டு மடங்கும் லென்ஸ் உள்ள சின்னக் கேமராக்களில் பையிலிருக்கும் நூல் தூசி லென்ஸ் வழியாக உள்ளே ஏறி சென்சாரில் ஒட்டும், லென்ஸைக் கழற்றித் துடைக்கவும் முடியாது. மெல்லிய துணி உறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், பாக்கெட்டில் வெறுமனே போடாதீர்கள்.

இவ்வளவு பேசியதில் ஐயாவின் அண்ணன் மகளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. வேலைக்குப் போக ஆரம்பித்த பெண், முதல் கேமரா வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கிரியோலும் ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் கலந்து எதை வாங்கலாம் என்று கேட்டாள். எதை எடுக்க ஆசை என்று கேட்டேன். குடும்பத்தில் யார் கல்யாணம், காதுகுத்து என்றாலும் அவள்தான் எடுக்கவேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாக் ரிவர் ஜார்ஜஸ் காட்டில் பறவை பார்க்கப் போகிறாள், வீட்டில் கார் இருக்கிறது. ஜிஆரை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது வேண்டாம், ஃபிளாஷ் மாட்டவும் 300 மி.மீ. மாட்டவும் முடிகிற பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கு, வாங்குவதற்கு முன் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் பையில் போட்டு ஒரு வாரம் காட்டிலும் கோயிலிலும் நடந்து பார், எடை அதேதான் என்று சொன்னேன். பாட்டிலை அன்றைக்கு மாலையே நிரப்பிவிட்டாள்.