என்னிக்குன்னு சொல்லுங்க

"கரண்ட் என்னிக்கு வரும்னு மட்டும் சொல்லுய்யா. அதுக்குத் தகுந்த மாதிரி டீசல் வாங்கிக்கிறேன்."

இன்று காலை, பேராவூரணி பக்கம் சாலை மறியலில் ஒரு அம்மா அதிகாரியிடம் கேட்டது இவ்வளவுதான்.

"கூடிய சீக்கிரம்மா" என்றார் அவர்.

அந்த அம்மா கையில் காலி டீசல் கேன். கைப்பிடியில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றியிருந்தார். தூக்கித் தூக்கி உள்ளங்கை காய்த்துவிட்டதாம்.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. மாதம் முடியப்போகிறது, இன்னும் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஊர் கூடிக் காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கிறோம். டீக்கடையில் காசு கொடுத்து போனுக்கு சார்ஜ்.

டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் போயிருக்கிறது. ஒரு வாரத்தில் நட்டுவிட முடியாது, அது எங்களுக்கும் தெரியும். வண்டி இறங்காத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். வெளி மாவட்டத்துக்காரர்கள், கேரளாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் மேல் யாருக்கும் கோபமில்லை. (கோபத்தில் கத்தியவர்களே மத்தியானம் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.)

எந்த ஊருக்கு என்றைக்கு என்று ஒரு தாளில் எழுதி ஊராட்சி ஆபீஸில் ஒட்டினால் பாதி மறியல் நடக்காது. ரெண்டு நாள் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்வோம்.

டவுனில் லைட் எரிகிறது. எங்களுக்கு அதற்கப்புறம். வயல் மோட்டார் லைன் எல்லாவற்றுக்கும் கடைசியாம்.

நாளைக்கும் மறியல் இருக்கு. நானும் போகிறேன்.